லம்பாங்: வெள்ளைச் சேவல் ஊரின் கதைகளும் பழைய வரலாறும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லம்பாங் எங்கே இருக்கிறது?

வட தாய்லாந்தில். பாங்காக்கிலிருந்து வடக்கே சுமார் 600 கிலோமீட்டர், சியாங் மாய் நகரிலிருந்து தென்கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர். வாங் ஆற்றங்கரையில் இருக்கிற ஊர், அதே பெயர் கொண்ட மாகாணத்துக்குத் தலைநகர். பிங், வாங், யோம், நான் என்று நான்கு ஆறுகள் வடக்கு மலைகளிலிருந்து இறங்கி வந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, கடைசியில் சாவ் பிரயா என்ற பெரிய ஆறாகி பாங்காக் வழியே கடலுக்குப் போகின்றன. இதில் வாங் சாதுவான ஆறு. கோடையில் தண்ணீர் வற்றி மணல் திட்டு தெரியும். அந்த மணல் திட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே ஒரு கதைக்கு அது வேண்டும்.

சியாங் மாய் போகிற பலர் இந்த ஊரை ராத்திரி ரயிலில் தூங்கிக்கொண்டே கடந்துவிடுகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் போனேன். அடுத்த தடவை இறங்கி மூன்று நாள் தங்கினேன், அதற்கப்புறம் இந்த ஊரைப் பற்றி யார் கேட்டாலும் பதில் சொல்லாமல் இருக்க முடிவதில்லை. இந்தப் பக்கமே அப்படி வந்த கேள்விகளின் தொகுப்புதான்.

ஊரில் எங்கே பார்த்தாலும் சேவல் படம் இருக்கிறதே, ஏன்?

இதைத்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். பாலத்தில் சேவல், தெருவிளக்குக் கம்பத்தில் சேவல், மாகாண முத்திரையில் சேவல். எல்லாமே வெள்ளைச் சேவல்.

கதை இதுதான். புத்தர் இந்தப் பக்கம் வந்தபோது, மறுநாள் விடிவதற்குள் பிச்சைப் பாத்திரத்தோடு ஊருக்குள் வரப் போகிறார் என்று இந்திரனுக்குத் தெரிந்தது. ஊர் மக்களோ நல்ல தூக்கத்தில் இருந்தார்கள். அவர்கள் எழுந்து சோறு வடித்து வாசலில் நிற்கத் தவறிவிட்டால் அத்தனை பெரிய புண்ணியம் கை நழுவிப் போகுமே என்று பதறிய இந்திரன், தானே ஒரு வெள்ளைச் சேவலாக உருமாறி விடியற்காலையில் கூவினான். ஊர் முழுக்க எழுந்துவிட்டது, புத்தருக்கு அன்னமும் கிடைத்தது. அதனால் ஊருக்கு ‘குக்குட நகரம்’ என்று பெயர் வந்தது. குக்குடம் என்றால் சேவல், பாலி மொழிச் சொல்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, தேவர் தலைவன் செய்த வேலை எவ்வளவு சின்னது என்பதுதான். மழை பெய்விக்கவில்லை, அசுரனைக் கொல்லவில்லை. தூங்குகிறவர்களை எழுப்பினான், அவ்வளவுதான். தாய்லாந்தில் இன்றைக்கும் விடியற்காலையில் பிக்குகள் வெறுங்காலோடு தெருவில் வரிசையாக வருவார்கள், ஜனங்கள் சோற்றோடு வாசலில் காத்திருப்பார்கள். அந்தக் காட்சியை ஒருமுறை பார்த்துவிட்டால், இந்தக் கதை எந்த வாழ்க்கையிலிருந்து பிறந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதே இல்லை.

புத்தர் உண்மையிலேயே தாய்லாந்து வந்தாரா?

வரலாற்றுப்படி இல்லை. அவர் வாழ்ந்ததும் நடந்ததும் கங்கைச் சமவெளியில்தான். ஆனால் வட தாய்லாந்து, லாவோஸ், மியான்மரின் ஷான் நாடு ஆகிய பகுதிகளில் ஊருக்கு ஊர் இப்படி ஒரு வருகைக் கதை உண்டு. புத்தர் வந்தார், இங்கே உட்கார்ந்தார், ஒரு தலைமுடியைக் கொடுத்தார், இந்த இடத்தில் நகரம் எழும் என்று சொன்னார் என்கிற வகையில் வரும் கதைகள். இவற்றுக்கென்றே ‘தம்னான்’ என்ற நூல் வகை இருக்கிறது. நம் தலபுராணம் மாதிரி என்று நினைத்துக்கொண்டால் சரியாகப் புரியும். புதிதாக பௌத்தத்துக்கு வந்த ஓர் ஊர், தன் மண்ணையும் அந்தப் புனித வரலாற்றுக்குள் சேர்த்துக்கொள்ளும் வழி அது. பொய் என்று தள்ளினால் ஊரைப் புரிந்துகொள்ள முடியாது. அப்படியே நடந்தது என்று எடுத்துக்கொண்டால் வரலாறு குழம்பிவிடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து.

‘லம்பாங்’ என்ற பெயர் எப்படி வந்தது?

இதற்கும் அதே வருகைக் கதைதான் மூலம். ஆனால் இது நடந்தது இன்றைய நகரத்தில் இல்லை, தென்மேற்கே சுமார் 18 கிலோமீட்டர் தள்ளி கோ கா வட்டத்தில் உள்ள பெரிய கோயிலின் இடத்தில். கோயிலின் பெயர் வாட் பிரா தாட் லம்பாங் லுவாங். ‘வாட்’ என்றால் கோயில், ‘பிரா தாட்’ என்றால் புனிதத் தாது, அதாவது புத்தரின் எலும்போ தலைமுடியோ.

அங்கே ஆய் கோன் என்று ஒரு லுவா இனத்து மனிதன் இருந்தான். லுவா மக்கள் ‘தாய்’ (Tai) இனத்தார் வருவதற்கு முன்பே அந்த மலைகளில் வாழ்ந்தவர்கள். அவன் புத்தருக்கு மூங்கில் குழாயில் தேனும், கூடவே தேங்காயும் வில்வப் பழமும் கொண்டுவந்து கொடுத்தான். புத்தர் தேனை அருந்திவிட்டு வெறும் குழாயை வடக்கே வீசி, இந்த இடம் ‘லம்பகப்ப நகரம்’ என்ற பெயரோடு விளங்கும் என்றார். பிறகு தன் தலைமுடி ஒன்றைக் கொடுத்தார். ஆய் கோன் அதைப் பொற்பேழையில் வைத்துப் புதைத்தான். அதன் மேல் எழுந்ததுதான் இன்றைய ஸ்தூபி.

கதை அத்தோடு நிற்கவில்லை. ஆய் கோன் தேன் குழாயைச் சுமந்து வந்த காவடிக் கம்பை மண்ணில் தலைகீழாக ஊன்றினானாம், அது துளிர்த்து மரமாயிற்றாம். கோயிலின் முன்னால் நிற்கிற பெரிய கச்சாவ் மரம் அதுதான் என்று காட்டுவார்கள். தலைகீழாக நட்டதால்தான் கிளைகள் கீழ்நோக்கி வளர்கின்றன என்பது ஊர்க்காரர் விளக்கம்.

ஒன்று கவனியுங்கள். ஊரின் முதல் பக்தன் அரசனோ வியாபாரியோ இல்லை, ஒரு மலைவாசி. பின்னால் வந்து ஆண்டவர்கள் எழுதிவைத்த கதையிலும், முன்னால் அங்கே இருந்தவர்களின் உரிமை அழியாமல் நிற்கிறது.

கேலாங் நகோன் என்பதும் இதே ஊரா?

ஆமாம், அது பழைய பெயர். இதற்குப் போக வேண்டுமானால் ராணி சாமதேவியிடமிருந்து தொடங்க வேண்டும்.

யார் இந்த சாமதேவி?

வட தாய்லாந்தின் பழைய கதைகளில் இவரைப் போல ஒரு பாத்திரம் வேறு இல்லை. மோன் என்ற பழைய இனத்தவர், இன்றைய லோப்புரியான லவோ நாட்டிலிருந்து வந்தவர். வாசுதேவர் என்ற ரிஷி பிங் ஆற்றங்கரையில் ஹரிபுஞ்சய நகரை, அதாவது இன்றைய லம்பூனை உண்டாக்கிவிட்டு, ஆள்வதற்குத் தகுந்தவர் வேண்டுமென்று லவோ மன்னரிடம் ஆள் அனுப்பினார். மன்னர் சாமதேவியை அனுப்பிவைத்தார். அப்போது அவர் கர்ப்பிணி. பிக்குகள், கைவினைஞர்கள், வைத்தியர்கள் என்று பெரிய பரிவாரத்தோடு ஆற்றின் எதிர்நீரில் மாதக்கணக்கில் படகில் வந்து சேர்ந்தார், வந்த சில நாளிலேயே இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றார். மூத்தவன் மஹந்தயோத், இளையவன் அனந்தயோத்.

பிள்ளைகள் வளர்ந்ததும் மூத்தவன் ஹரிபுஞ்சயத்தின் அரசனானான். இளையவனுக்கு அண்ணன் நிழலில் இருக்க மனம் ஒப்பவில்லை, தனக்கும் ஒரு நகரம் வேண்டுமென்று தாயிடம் கேட்டான். வாசுதேவ ரிஷி அவனை வாங் ஆற்றுப் பக்கம் மலையில் தவம் செய்த சுப்ரம ரிஷியிடம் அனுப்பினார். காட்டில் வழி தெரிந்த கேலாங் என்ற வேடன் துணைக்கு வந்தான். ரிஷியும் வேடனும் சேர்ந்து இடம் பார்த்துக் கட்டிய நகரம், வேடன் பெயராலேயே கேலாங் நகோன் ஆயிற்று. ‘நகோன்’ நமக்குத் தெரிந்த நகரம்தான்.

அனந்தயோத் தாயை அழைத்து அங்கேயே தங்கவைத்துக்கொண்டான் என்றும் கதை சொல்கிறது. அரச வாரிசுகள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்கிற கதைகளையே படித்துப் பழகிய நமக்கு, தம்பி அண்ணனோடு சண்டை போடாமல் காட்டைத் தாண்டிப் போய் வேறு ஊர் கட்டிய இந்தக் கதை ஆறுதலாக இருக்கும்.

இதில் எவ்வளவு வரலாறு?

கதைப்படி இதெல்லாம் கி.பி. 7ஆம் நூற்றாண்டு, கேலாங் கட்டப்பட்டது 680 வாக்கில். ஆனால் இந்தக் கதை எழுத்தில் வந்தது பல நூற்றாண்டு கழித்துத்தான். போதிரம்சி என்ற பிக்கு பாலி மொழியில் சாமதேவியின் வரலாற்றை எழுதியது 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஜினகாலமாலி என்ற புகழ்பெற்ற பாலி வரலாற்று நூல் 16ஆம் நூற்றாண்டில். லம்பூனில் கிடைத்த மோன் மொழிக் கல்வெட்டுகள்கூட 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆகவே ராணியின் பயணத்தை நாள் கிழமையோடு நம்புவது கடினம்.

ஆனாலும் கதையின் எலும்புக்கூடு உறுதியானது. தெற்கே லவோவின் மோன் பண்பாடு ஆற்று வழியாக வடக்கே ஏறியது, ஹரிபுஞ்சயம் தலைமை நகரமாகவும் கேலாங் அதன் துணை நகரமாகவும் இருந்தன என்ற பெரிய சித்திரத்துக்கு மண்ணில் சாட்சி இருக்கிறது. லம்பாங்கில் ஆற்றின் வடகரையில் பழைய கேலாங்கின் மண் மேடும் செங்கல் மதிலும் இன்னும் துண்டு துண்டாக நிற்கின்றன. வீடுகளுக்கும் வாழைத்தோட்டங்களுக்கும் நடுவே திடீரென்று ஒரு மேடு வரும், மேலே மரங்கள் முளைத்திருக்கும். அது மதில் என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

அதற்கும் முன்னால் இங்கே மனிதர்கள் இருந்தார்களா?

நிறையவே. கோ கா வட்டத்தில் ஹோமோ எரெக்டஸ் என்ற ஆதி மனிதனின் மண்டையோட்டுத் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. ‘லம்பாங் மனிதன்’ என்று பெயர், வயது சுமார் 5 லட்சம் ஆண்டு என்று கணிக்கிறார்கள். அப்புறம், நகரிலிருந்து ங்காவ் போகும் மலைப்பாதையில் பிரத்து பா என்ற செங்குத்துப் பாறை இருக்கிறது. அதில் சுமார் 3,000 ஆண்டு பழைய சிவப்பு ஓவியங்கள் இருக்கின்றன. மாடு, ஆமை, மனிதர், கை அச்சு என்று 1,800க்கும் மேற்பட்ட உருவங்கள்.

அதே பாறைக்கு ஒரு வீரன் கதையும் உண்டு. பர்மியப் படையைத் தனியாளாக அந்தக் கணவாயில் மறித்து நின்றவன், செத்த பிறகும் இரண்டு கையிலும் வாளோடு பாறையில் சாய்ந்து நின்றுகொண்டே இருந்தானாம். உயிரோடு இருக்கிறான் என்று நினைத்து எதிரிகள் ஓடிவிட்டார்களாம். அவனுக்கு அங்கே ஒரு கோயில் இருக்கிறது. லாரி ஓட்டுநர்கள் கடக்கும்போது ஹாரன் அடித்து வணங்கிவிட்டுப் போவார்கள்.

மோன் அரசு எப்படி முடிந்தது?

13ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் மன்னன் மங்ராய் ஹரிபுஞ்சயத்தைப் பிடித்தான். சியாங் மாயை 1296ல் கட்டியவன் இவன்தான், வட தாய்லாந்தின் லன்னா அரசு இவனிலிருந்து தொடங்குகிறது. ஹரிபுஞ்சயத்தின் கடைசி அரசன் யீ பா கேலாங்குக்கு ஓடிவந்தான், அங்கே ஆண்டது அவன் மகன் போக். வரும் வழியில் ஒரு குன்றின் மேல் நின்று திரும்பிப் பார்த்தபோது, தன் நகரம் எரிவதைக் கண்டு யீ பா அழுதான். அந்தக் குன்றுக்கு ‘டோய் பா ஹாய்’ என்று பெயர், பா அழுத மலை. பிறகு போக் படை திரட்டி வந்து மங்ராயின் மகனோடு மோதித் தோற்று இறந்தான், கேலாங்கும் லன்னாவோடு சேர்ந்தது.

டோய் குன் தான் மலையில் இருக்கிற காவல் தெய்வம் இந்த போக்தான் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தோற்றவனையும் அந்த நாடு தெய்வமாக்கி வழியில் உட்காரவைத்திருக்கிறது.

பாங்காக்கில் இருக்கிற மரகத புத்தர் சிலை லம்பாங்கிலிருந்து போனதா?

பாதி சரி. மரகத புத்தர் 1434ல் சியாங் ராயில், மின்னல் தாக்கிய ஒரு ஸ்தூபிக்குள் கிடைத்தார் என்பது மரபு. லன்னா மன்னன் சாம் ஃபாங் கேன் அவரை யானை மேல் ஏற்றி சியாங் மாய்க்குக் கொண்டுவரச் சொன்னான். சாலை பிரியும் இடத்தில் யானை லம்பாங் பக்கம் திரும்பிவிட்டது. திருப்பிக் கொண்டுவந்தார்கள், மறுபடியும் அதே பக்கம். மூன்று தடவை இப்படி நடந்ததும் மன்னன், சிலைக்குள் இருக்கும் காவல் தெய்வத்தின் விருப்பம் அதுதான் என்று ஒத்துக்கொண்டான். 1436லிருந்து 1468 வரை, 32 ஆண்டு மரகத புத்தர் லம்பாங்கில்தான் இருந்தார். இருந்த கோயில் வாட் பிரா கேவ் டோன் தாவ். 1468ல் திலோகராஜன் என்ற மன்னன் சியாங் மாய்க்குக் கொண்டுபோனான், அங்கிருந்து லாவோஸ், அங்கிருந்து கடைசியில் பாங்காக்.

மன்னனின் கட்டளையை ஒரு யானை மறுத்ததை வரலாறாகப் பதிவுசெய்து வைத்திருக்கிறார்கள். அதன் பின்னால் லம்பாங் பிரபுக்களின் செல்வாக்கு இருந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன். ஆனால் யானை சொன்னது என்று சொல்லும்போது யாருக்கும் முகம் கோணவில்லை பாருங்கள்.

அப்படியானால் இப்போதும் லம்பாங்கில் ஒரு ‘பிரா கேவ்’ இருக்கிறதே, அது என்ன?

இது எல்லோரையும் குழப்பும் இடம். ‘பிரா கேவ்’ என்றால் மணி புத்தர், ரத்தினக் கல்லால் ஆனவர். பாங்காக்கில் இருப்பவர் வேறு. லம்பாங்கில் இருப்பவர் அளவில் சிறியவர், பெயர் பிரா கேவ் டோன் தாவ். இப்போது லம்பாங் லுவாங் கோயிலில் இருக்கிறார். சோங்க்ரான் புத்தாண்டுக்கு முன்னால் பெரிய வெள்ளிக் கலசத்தோடு நகரில் ஊர்வலம் நடக்கும்போது அவரையும் அழைத்து வருவார்கள், ஜனங்கள் கலசத்தில் வாசனை நீர் ஊற்றுவார்கள்.

அவருடைய கதைதான் நான் ஆரம்பத்தில் சொன்ன மணல் திட்டு. ‘டோன்’ என்றால் ஆற்றங்கரைத் திட்டு, ‘தாவ்’ என்பது வடக்கு வழக்கில் தர்பூசணி. சேர்த்தால் தர்பூசணித் திட்டு.

தர்பூசணிக்கும் புத்தர் சிலைக்கும் என்ன சம்பந்தம்?

சுஜாதா என்ற பக்தியுள்ள பெண் இருந்தாள். வயதான ஒரு பிக்கு புத்தர் சிலை செய்ய நல்ல கல் தேடி அலைந்துகொண்டிருந்தார். சுஜாதா தன் தோட்டத்தில் விளைந்த தர்பூசணி ஒன்றைக் கொண்டுபோய் அவருக்குக் கொடுத்தாள். அறுத்துப் பார்த்தால் உள்ளே பச்சை மணி. நாகராஜன் வைத்தது என்பார்கள். பிக்கு செதுக்கப் பார்த்தார், கல் அசையவில்லை. இந்திரன் ஒரு கிழவன் வேடத்தில் வந்து செதுக்கிக் கொடுத்துவிட்டு மறைந்துபோனான். சேவலாக வந்த அதே இந்திரன்தான், இந்த ஊர்மேல் அவனுக்குத் தனிப் பிரியம் போலிருக்கிறது.

அதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஊர்வாய் திறந்தது. அந்தப் பெண்ணுக்கும் பிக்குவுக்கும் தொடர்பு என்று பேசினார்கள், ஆட்சியாளன் விசாரிக்காமல் சுஜாதாவுக்கு மரண தண்டனை விதித்தான். வாங் ஆற்றங்கரையில் கழுத்தை நீட்டும் முன் அவள் சொன்னாள்: நான் குற்றவாளி என்றால் என் ரத்தம் மண்ணில் விழட்டும், குற்றமற்றவள் என்றால் வானத்துக்கு ஏறட்டும். வாள் இறங்கியது. ரத்தம் மேலே போனது, ஒரு சொட்டும் கீழே வரவில்லை. பிக்கு சிலையை எடுத்துக்கொண்டு லம்பாங் லுவாங்குக்குப் போய்விட்டார், அதனால்தான் இன்றைக்கும் சிலை அங்கே இருக்கிறது.

சுஜாதாவின் வீடு இருந்ததாகச் சொல்லப்படும் இடத்தில் ஒரு கோயில் எழுந்தது. இன்று அது பக்கத்துக் கோயிலோடு சேர்ந்து வாட் பிரா கேவ் டோன் தாவ் சுஜாதாராம் என்று பெயர். மரகத புத்தர் 32 ஆண்டு இருந்த கோயில் என்ற பெருமை அதற்கு இருக்கிறது, ஆனாலும் பெயரில் இடம் பிடித்தவள் தர்பூசணி பயிரிட்ட இந்தப் பெண்தான். அங்கே போனால் பெரும்பாலானோர் 1909ல் பர்மிய பாணியில் கட்டிய மண்டபத்தின் வேலைப்பாட்டைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அவள் கதை தெரிந்து போனால் அந்த வளாகத்தில் நடப்பதே வேறு மாதிரி இருக்கும். செய்யாத தப்புக்குச் செத்த பெண்ணை ஓர் ஊர் மறக்காமல் வைத்திருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

லம்பாங் லுவாங் கோயிலில் துப்பாக்கிக் குண்டு ஓட்டை இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. நீங்களே விரலை வைத்துப் பார்க்கலாம். இது புராணம் இல்லை, 1732.

1558லிருந்து லன்னா பர்மிய ஆட்சியில் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் அந்தப் பிடி தளர்ந்து ஊருக்கு ஊர் குழப்பம். லம்பாங்கில் ஒழுங்கான ஆட்சியாளரே இல்லை. அந்தச் சமயத்தில் பக்கத்து லம்பூனிலிருந்து தாவ் மஹாயோத் என்பவர் படையோடு வந்து ஊரைத் தோற்கடித்து, லம்பாங் லுவாங் கோயிலுக்குள்ளேயே முகாம் போட்டார். கோயில் என்றால் மேட்டில் மதில் சூழ்ந்து நிற்கும் கோட்டை அது, உள்ளே போய்விட்டால் வெளியிலிருந்து ஒன்றும் செய்ய முடியாது.

ஊர்ப் பெரியவர்கள் திப் சாங் என்ற வேடனைப் பிடித்தார்கள். முன்பு துறவியாக இருந்தவர், காட்டு யானைகளைக் கையாளுவதில் பேர் பெற்றவர், துப்பாக்கி சுடுவதில் கெட்டிக்காரர். அவர் சில ஆட்களோடு ராத்திரியில் மதிலின் அடியில் இருந்த நீர் வடிகால் வழியாக ஊர்ந்து உள்ளே நுழைந்தார். தூதன் போல நடித்து மஹாயோத்தை நெருங்கிச் சுட்டார். குண்டு அவரைத் துளைத்துக்கொண்டு போய், பின்னால் ஸ்தூபியைச் சுற்றி இருந்த வெண்கல வேலிக் கம்பியில் பாய்ந்தது.

அந்த ஓட்டை இன்றும் இருக்கிறது. ஸ்தூபி சுமார் 45 மீட்டர் உயரம், செம்புத் தகடு போர்த்தி வெயிலில் பச்சையும் பொன்னுமாக மின்னும், எல்லோரும் தலையை நிமிர்த்தி அதைத்தான் பார்ப்பார்கள். வேலியருகே குனிந்தால்தான் ஓட்டை தெரியும். பலர் விரல் விட்டுப் பார்த்ததால் விளிம்பு வழவழப்பாக இருக்கிறது. அடையாளத்துக்கு அருகே ஒரு சின்னப் பலகை, அவ்வளவுதான். கிட்டத்தட்ட 300 ஆண்டுக்கு முந்திய ஓர் இரவு அந்த ஓட்டையில் அப்படியே நிற்கிறது. நான் அங்கே வெகுநேரம் நின்றேன்.

திப் சாங்குக்கு அப்புறம் என்ன ஆயிற்று?

ஊர் மக்கள் அவரையே ஆட்சியாளராக்கினார்கள், 1759 வரை ஆண்டார். அவருடைய பேரன்கள் ஏழு பேர். ‘ஏழு இளவரசர்கள்’ என்று வடக்கு முழுக்கத் தெரியும். மூத்தவர் கவிலா. 1774–75ல் கவிலா பர்மியர் பக்கமிருந்து விலகி, சயாமின் தோன்புரி மன்னர் தக்சினோடு சேர்ந்து சியாங் மாயைப் பிடிக்க உதவினார். கவிலாவின் சகோதரி ஸ்ரீ அனோச்சா பிறகு பாங்காக்கின் முதல் மன்னர் முதலாம் ராமாவின் தம்பியை மணந்தார், அதனால் உறவு இன்னும் இறுகியது.

போரில் சியாங் மாய் சீரழிந்து சுமார் 20 ஆண்டு ஆளற்றுக் கிடந்தது. காடு ஊருக்குள் வந்துவிட்டது. அந்த ஆண்டுகளில் வடக்கில் தாக்குப்பிடித்து நின்ற பெரிய ஊர் லம்பாங்தான். 1796ல் கவிலா ஆட்களைச் சேர்த்துக்கொண்டு சியாங் மாய்க்குள் மறுபடி குடிபுகுந்தார். ஆக, இன்று எல்லோரும் ஓடுகிற சியாங் மாய் மறுபிறவி எடுத்தது லம்பாங் வேடன் ஒருவரின் வம்சத்தால்தான். சியாங் மாய் வழிகாட்டிகள் இதை ஒரே வரியில் தாண்டிப் போகும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

தலைகீழாகத் தெரியும் ஸ்தூபி நிழல் என்கிறார்களே, அது என்ன?

அதே கோயிலில் புத்தர் பாதத்துக்கான ஒரு சின்னக் கட்டடம் இருக்கிறது. கதவைச் சாத்தினால் உள்ளே கும்மிருட்டு. வெள்ளைத் துணியைப் பிடித்தால், கதவு இடுக்கின் வழியாக வரும் வெளிச்சத்தில் வெளியே நிற்கும் ஸ்தூபி முழுசாக, நிறத்தோடு, தலைகீழாக விழும். மேகம் நகர்வதுகூடத் தெரியும். ஊசித்துளைக் கேமராவின் தத்துவம்தான், சின்னத் துளை வழியே ஒளி நேர்கோட்டில் வருவதால் மேலே இருப்பது கீழே போகிறது. அந்தக் கட்டடத்துக்குள் பெண்களுக்கு அனுமதி இல்லை, எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. ஆனால் அதே வளாகத்தில் விஹான் பிரா புத் என்ற மண்டபத்திலும் இதே மாதிரி நிழல் விழும், அங்கே எல்லோரும் போகலாம்.

லம்பாங் சேவல் கிண்ணம் இந்தக் கதையிலிருந்து வந்ததுதானே?

இல்லை. கடையில் விற்கும் வெள்ளைக் கிண்ணம், சிவப்பு உடம்பும் கறுப்பு வாலுமாக ஒரு சேவல், பக்கத்தில் ஊதாப் பூவும் வாழை இலையும். அது தென் சீனத்துப் பழைய வடிவம். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் லம்பாங்கில் நல்ல வெள்ளைக் களிமண் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, சீன வம்சாவளிக் குயவர்கள் வந்து சூளை போட்டார்கள். இந்திரனின் சேவல் வெள்ளை, கிண்ணத்துச் சேவல் சிவப்பு. இரண்டும் ஒரே ஊரில் சந்தித்தது தற்செயல்தான், ஆனால் ஊர் இரண்டையும் தன் பிள்ளையாகவே வளர்க்கிறது.

பர்மியக் கோயில்கள் ஏன் இத்தனை?

அது பின்னால் வந்த கதை, தேக்கு வியாபாரம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டிஷ் கம்பெனிகள் காட்டை வெட்டி வாங் ஆற்றில் கட்டைகளை மிதக்கவிட்டன. வேலைக்கு வந்த பர்மியரும் ஷான் மக்களும், வெட்டிய மரங்களில் குடியிருந்த ஆவிகளைச் சாந்தப்படுத்தவும் புண்ணியத்துக்காகவும் கோயில் கட்டினார்கள். ஆற்றங்கரைப் பழைய சந்தைத் தெருவான காட் கோங் தாவில் சீன, பர்மிய, மேற்கத்திய பாணி வீடுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதும் அந்தக் காலத்தின் மிச்சம். 1916ல் ரயில் வந்ததும் ஆற்று வியாபாரம் படுத்துவிட்டது.

ஒரே நாள்தான் இருக்கிறது, கதைகளின் வரிசையில் பார்க்க முடியுமா?

முடியும். காலையில் முதலில் லம்பாங் லுவாங்குக்குப் போய்விடுங்கள், வெயில் இருக்கும்போதுதான் நிழல் தெளிவாக விழும். கச்சாவ் மரம், ஸ்தூபி, குண்டு ஓட்டை, வடிகால், பிரா கேவ் டோன் தாவ், எல்லாம் அங்கேயே. 1476ல் கட்டிய பெரிய மண்டபத்தில் கொஞ்சம் உட்காருங்கள். சுவர் இல்லாமல் மரத்தூண்களும் கூரையும் மட்டுமே, காற்று நன்றாக வரும். மதியம் நகருக்குத் திரும்பி வடகரையில் சுஜாதாவின் கோயில், அதன் பக்கத்திலேயே பழைய கேலாங் மதில். சனி, ஞாயிறு என்றால் மாலையில் காட் கோங் தா தெருவில் சந்தை போடுவார்கள். சந்தையின் ஒரு கோடியில் 1917ல் கட்டிய வெள்ளைக் கான்கிரீட் பாலம். அதன் தூணருகே போய் நின்றால் வெள்ளைச் சேவல் கண்ணுக்கு நேராக இருக்கும், கீழே வாங் ஆறு, கோடையாக இருந்தால் மணல் திட்டும் தெரியும்.